ஜி. டபிள்யூ. ஆர். கேம்பல்: படைக்காவலிலிருந்து காவல்துறைத் தலைமைக்கு

சர் ஜார்ஜ் வில்லியம் ராபர்ட் கேம்பல் இலங்கைக் காவல்துறையின் முதல் பொலிஸ் மா அதிபர் ஆவார். பம்பாய் மாகாணத்தின் கொங்கணக் கடற்கரையில் 'இரத்தினகிரி ரேஞ்சர்ஸ்' என்னும் படைப்பாங்கான காவலணிக்குப் பொறுப்பாக இருந்த இவர், 1866 செப்டம்பர் 3 அன்று இலங்கைக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்நாளே இலங்கைக் காவல்துறையின் தொடக்க நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. படைக்காவலில் பயின்ற ஒருவர் பொதுமக்களின் காவலுக்குத் தலைவராகும்போது எவை உதவுகின்றன, எவை இடர் தருகின்றன என்பதற்கு இவரது பணி வாழ்க்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இரண்டு வகைக் காவல் முறைகள் இருந்தன. 1829இல் தொடங்கிய இலண்டன் காவல்துறை ஆயுதமின்றித் தெருவில் சுற்றிவரும் குடிமைக் காவல். அயர்லாந்தின் காவல்துறையோ துப்பாக்கி ஏந்தி, முகாம்களில் தங்கி, ஒரே தலைமையின்கீழ் இயங்கியது. குடியேற்ற நாடுகளில் பெரிதும் பின்பற்றப்பட்டது இரண்டாவது முறையே.

1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவிலும் காவல்துறை திருத்தியமைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டமும், பிற பகுதிகள் பலவற்றில் 1861ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமும் இதற்கு அடிப்படையாயின. அக்காலத்தில் காவல் கண்காணிப்பாளர்கள் பலர் படையிலிருந்தே எடுக்கப்பட்டனர். இந்தியக் காவல் பணிக்கான போட்டித் தேர்வு இலண்டனில் நடக்கத் தொடங்கியது 1893இல்தான்.

இலங்கையில் பொறுப்பேற்றல்

கேம்பல் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் காவல்துறையின் வலுவின்மை வெளிப்பட்டிருந்தது. உத்துவன்கந்தை சரதியேல் என்னும் கொள்ளையனைப் பிடிக்க 1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் நடந்த மோதலில் சபான் என்ற காவலர் சுடப்பட்டு இறந்தார். பணியின்போது உயிரிழந்த முதல் இலங்கைக் காவலராக இவர் நினைவுகூரப்படுகிறார். சரதியேல் பிடிபட்டு, அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

அடுத்த ஆண்டு, 1865இன் 16ஆம் இலக்கக் காவல் சட்டம் இயற்றப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு கேம்பலிடம் வந்தது. முதலில் தலைமைக் கண்காணிப்பாளர் எனப்பட்ட அவரது பதவி 1867இல் பொலிஸ் மா அதிபர் என மாறியது. தலைமையகம் கொழும்பு மருதானையில் அமைந்தது. இடையில் 1872-73இல் பினாங்கின் தற்காலிகத் துணை ஆளுநராகவும் பணியாற்றினார். 1891இல் ஓய்வு பெறும்வரை அவரே இலங்கைக் காவல்துறையின் தலைவர்.

முத்துக்குளிப்பு முகாம்களில் காவல்

மன்னார் வளைகுடாவின் ஒரு கரை தூத்துக்குடி; மறுகரை சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும், ஆளில்லாத அந்த மணல் கரையில் சில நாட்களில் ஒரு நகரமே எழும்பும். தூத்துக்குடிப் பரதவர்கள், கீழக்கரை முஸ்லிம்கள், அரபு நாட்டவர் எனக் குளியாட்களும், அவர்களோடு வணிகர்களும் தரகர்களும் ஆயிரக்கணக்கில் கூடுவர். கடைத்தெரு, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றோடு காவல் நிலையமும் ஓலைக் கொட்டகைகளில் இயங்கும்.

இங்குக் காவலரின் வேலை நுட்பமானது. கரைக்கு வரும் சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் அடைப்பில் எண்ணிப் பிரிக்கப்படும். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். நடுக்கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிப்பிகள் அழுகும் நாற்றத்தால் ஈ மொய்க்கும் கொட்டகைகளையும் காக்க வேண்டும். வாந்திபேதி பரவாமலும் தடுக்க வேண்டும். அணிவகுப்பும் கட்டளையும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போதும். ஆனால் எந்தப் படகில் பூசல், எந்தத் தரகர் ஏமாற்றுகிறார் என்பதை அறிய அந்த மக்களின் மொழியும் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

படைப்பயிற்சியின் நன்மையும் குறையும்

சம்பளம், சீருடை, பதவி வரிசை, பதிவேடு, கட்டுப்பாடு ஆகியவற்றைப் படையிலிருந்து வந்தவர்களால் விரைவாக நிலைநிறுத்த முடிந்தது. அதிகாரிகள் மட்டுமல்ல, கீழ்நிலைக் காவலர்களும் படையிலிருந்து வந்தனர். 1873இல் இலங்கை ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அதிலிருந்த மலாய் வீரர்கள் பலர் காவல்துறையில் சேர்ந்தனர்.

குறை வேறிடத்தில் இருந்தது. காவல்துறை பெரும்பாலும் நகரங்களோடு நின்றது. கிராமங்களில் குற்றங்களைக் கவனித்தவர்கள் ஊர்த் தலைமைக்காரர்களே. சிங்களமோ தமிழோ அறியாத அதிகாரியின்கீழ், வேற்று இனத்துக் காவலரிடம் முறையிட ஊரார் தயங்கினர். படைவீரனுக்கு எதிரே நிற்பவன் பகைவன். காவலருக்கு எதிரே நிற்பவரோ பெரும்பாலும் உதவி தேடி வந்த குடிமகன். இந்த வேறுபாட்டை உணராவிட்டால் கட்டுப்பாடு அச்சமாகிவிடும்.

கேம்பலுக்கு அடுத்து வந்த நோலிஸும் படையதிகாரியாக இருந்தவரே. 1947இல் பொறுப்பேற்ற முதல் இலங்கையரான சர் ரிச்சர்ட் அலுவிகாரை குடிமைப் பணியிலிருந்து வந்தவர். அவர் காலத்தில் காவல்துறை மக்களுக்கான சேவை என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது.

இன்றைய தூத்துக்குடிக் கரை

தூத்துக்குடி 1986 அக்டோபர் 20 அன்று தனி மாவட்டமானது. இன்று இக்கரையில் காவல் பல கைகளில் உள்ளது. வ.உ.சி. துறைமுகத்தை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையும், கடலைக் கடலோரக் காவல்படையும், கரையோரத்தை 1994இல் தொடங்கப்பட்ட தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும், ஊர்களை மாவட்டக் காவல்துறையும் கவனிக்கின்றன.

தமிழகக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆயினும் படையின் இராணுவக் காவல் பிரிவில் பணியாற்றியவர், பொதுக்காவலுக்கு வரும்போது புதிதாகக் கற்க வேண்டியவை பல. அங்கே அவரது அதிகாரம் படையினர்மீது மட்டுமே. அடிப்படை, படைச் சட்டம். இங்கே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட குற்றவியல் சட்டங்களின்படி, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமையோடு அவர் நடக்க வேண்டும். சட்டத்தைப் பயிற்சிப் பள்ளியில் கற்றுவிடலாம். ஊரார் நம்பிக்கையை அந்த ஊரில்தான் பெற முடியும்.