சிற்றுண்டிச்சாலையும் சந்தைப்படுத்தற் கணக்காய்வும்

கணக்காய்வு என்றவுடன் பணப்பெட்டியும் பற்றுச்சீட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், ஒரு நிறுவனம் தன்னை நாடி வருவோரின் தேவையை எவ்வாறு அறிகின்றது, எவ்வாறு நிறைவேற்றுகின்றது என்பதை ஆராயும் கணக்காய்வும் ஒன்று உண்டு. அதனைச் சந்தைப்படுத்தற் கணக்காய்வு என்பர். வர்த்தக பாடநூலில் ஒரு தலைப்பாக மட்டும் யான் அறிந்திருந்த இதன் பயனை உணர்ந்தது ஒரு சிற்றுண்டிச்சாலையிலேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யான் கற்பித்த கல்லூரியொன்றின் சிற்றுண்டிச்சாலை நட்டத்தில் நடந்தது. மாணவர் பலர் வீதிக்கு அப்பாலுள்ள கடையை நாடினர். இதனைச் சீராக்க அமைத்த குழுவில் யானும் ஓர் உறுப்பினன். பழைய பெயரே குறையென முதலில் வாதித்தவனும் யானே. புதுப்பெயர் சூட்டினோம், பலகை எழுதுவித்தோம், சுவருக்கு வண்ணந் தீட்டினோம். முதல் வாரம் கூட்டம் நிறைந்தது. ஒரு மாதங் கழியுமுன் விற்பனை பழைய நிலைக்கே தாழ்ந்தது. வண்ணத்துக்குப் பட்ட கடனே எஞ்சியது.

நாங்கள் செய்யத் தவறியது யாது? ஐக்கிய அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு அமெரிக்க முகாமைச் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் ஏப் ஷுக்மன் என்பார் இக்கணக்காய்வின் இயல்பை எடுத்துரைத்தார். 1977இல் பிலிப் கொட்லர், வில்லியம் கிரெகர், வில்லியம் ரொஜர்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை அதற்குத் தெளிவான வடிவம் அளித்தது. அவர்கள் கூறும் இலக்கணம் நான்கு. முதலாவது முழுமை, இடர் தோன்றிய ஓரிடத்தை மட்டும் நோக்காது தொழில் அனைத்தையும் நோக்குதல். இரண்டாவது ஒழுங்கு; புறச்சூழல், நோக்கம், அமைப்பு, நடைமுறை, வரவு செலவு, பண்டமும் விலையும் என வரிசைப்பட ஆராய்தல். மூன்றாவது சார்பின்மை, ஆராய்பவர் தம் செயலைத் தாமே மெச்சும் நிலையில் இல்லாதிருத்தல். நான்காவது காலமுறை, நோய் முற்றியபின் அன்றி, குறித்த காலந்தோறும் செய்தல்.

பின்னர் வேறொரு கல்லூரியின் ஆசிரியர் ஒருவரை அழைத்தோம். அவர் கணக்கேட்டைத் திறக்குமுன், கைக்கடிகாரத்துடன் இடைவேளையில் வரிசையருகே நின்றார். இடைவேளை இருபது நிமிடம்; விற்கும் யன்னல் ஒன்றே. மேல்வகுப்பு மாணவர் முந்திக்கொள்ள, சிறுவர் யன்னலை அடையும்போது மணி அடித்துவிடும். வடையிலுங் குறையில்லை, விலையிலுங் குறையில்லை. வீதிக்கு அப்பால் விலை கூடவாயினும் காத்திருக்க வேண்டியதில்லை என்றனர் மாணவர். கீழ்வகுப்புப் பிள்ளைகள் சிலர் வரிசையில் நிற்பதையே கைவிட்டுப் பாடசாலை விடும்வரை பசியோடு இருந்தனர் என்பதையும் அன்றே அறிந்தோம். அவர்களைக் கேளாமலன்றோ பலகை எழுதுவித்தோம்!

சிறுவர்க்கெனத் தனி யன்னல் திறக்கப்பட்டது. மணி அடிக்குமுன்னரே பண்டங்கள் பொதிசெய்து வைக்கப்பட்டன. அன்றன்று எஞ்சியவை எண்ணிக் குறிக்கப்பட்டன. அடுத்த தவணையில் நட்டம் நீங்கியது. புதுப்பெயரை எவரும் வழங்கவில்லை. இன்றும் மாணவர்க்கு அது 'கன்ரீன்' தான்.

நாங்கள் ஒன்றையும் ஆராயாது பிழைத்தோம். ஒரு பக்கத்தை மட்டும் ஆராய்ந்து பிழைத்தோரும் உளர். 1985 ஏப்ரல் 23ஆந் திகதி கொக்கா-கோலா நிறுவனம் தன் பானத்தின் கலவையை மாற்றியது. அதற்குமுன் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரிடஞ் சுவைச் சோதனை நடத்தியிருந்தது. ஆயினும், பழைய பானத்தை இழக்க நேரின் மக்கள் உள்ளம் என்னவாகும் என்பதை அச்சோதனை அளந்திலது. எதிர்ப்பு மிகவே, 79 நாள்களில் பழைய கலவை 'கிளாசிக்' என்னும் அடையுடன் மீண்டது.

பெயர்மாற்றம் எஞ்ஞான்றும் வீண் என்பது என் கருத்தன்று. பெயர் என்பது வருவோர்க்கு நாம் அளிக்கும் வாக்குறுதி. உள்ளே நிகழ்வது திருந்தியபின் அதனை அறிவிக்கப் புதுப்பெயர் வேண்டின் சூட்டலாம். திருந்தாதவிடத்துச் சூட்டிய பெயர் பொய்யாகும்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அவற்றைப் பல்லாண்டு கற்பித்திருந்தும், காலம் இருபது நிமிடம் என்பதையும் இடம் ஒரு யன்னல் என்பதையும் யான் நோக்கினேனல்லேன். வர்த்தகம் பயிலும் மாணவர், பாடநூலை மூடியபின் தம் கல்லூரி வரிசையில் ஒருநாள் கடிகாரத்துடன் நின்று பார்ப்பாராக.