வேலியில் எரியும் பூ!

ஐப்பசி மழை விழுந்ததும், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வேலிகளிலும் செஞ்சிக் குன்றுப் புதர்களிலும் தீச்சுடர் போல ஒரு பூ தலை காட்டும். அதுதான் செங்காந்தள்!

கோடையில் கொடி இருந்த இடமே தெரியாது. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். மழை வந்ததும் கொடி எழும். இலை நுனியே கம்பி போலச் சுருண்டு, பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்ளும். பூ முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் செக்கச்செவேல்!

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறார். முதல் இடம் காந்தளுக்கு. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கிராமத்தில் கேட்டால், 'கண்வலிக் கிழங்கு', 'கலப்பைக் கிழங்கு' என்பார்கள். கிழங்கு கலப்பை போலக் கவைத்திருக்கும்.

கிழங்கில் எமன்

வள்ளிக் கிழங்கு என்று நினைத்து, இதை அவித்துத் தின்று உயிர் விட்டவர்கள் உண்டு. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு உடலின் உள் உறுப்புகள் பழுதாகும். பிழைத்தவர்களுக்கும் சில நாட்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அதனால், "வாந்தி வருகிறதா, பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை கடித்தது தெரிந்ததும், மீதிக் கிழங்கையும் கையில் எடுத்துக்கொண்டு, திண்டிவனமோ முண்டியம்பாக்கமோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சீமையில் ஒரு சொந்தம்

இந்தப் பூவுக்கு ஐரோப்பாவில் ஒரு சொந்தம் உண்டு. பெயர் கோல்ச்சிக்கம். ஆல்ப்ஸ் மலைப் புல்வெளிகளில், ஒரு சாண் உயரத்தில் பூக்கும் வெளிர் ஊதாப் பூ. பூக்கும்போது இலையே இருக்காது. இலை அடுத்த வசந்தத்தில்தான் வரும். அதைக் காட்டுப் பூண்டின் கீரை என்று பறித்துச் சமைத்து இறந்தவர்கள் அங்கே உண்டு. இங்கே கிழங்கு, அங்கே கீரை. நஞ்சு ஒன்றுதான்: கோல்ச்சிசின்! 1820-ல் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், அந்த மலைப்பூச் செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நஞ்சுக்குத்தான் கிராக்கி! கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரை இது. ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம்தான் இருக்கும். தாராபுரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள், கம்பி கட்டிக் கொடியைப் படரவிட்டுச் செங்காந்தளைப் பயிர் செய்கிறார்கள். காலை வேளையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விளைந்த விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.