சாயம் வெளுத்த பாறைகள்

அமெரிக்காவில் அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் எல்லையை ஒட்டி, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாக விரிந்து கிடக்கிறது வெர்மிலியன் கிளிஃப்ஸ் பாலைநிலம். 2000ஆம் ஆண்டு அதிபர் பில் கிளிண்டன் இதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். உள்ளே தார்ச்சாலை இல்லை, விடுதி இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. ஹவுஸ் ராக் வேலி மண்சாலையில் மழை பெய்துவிட்டால் களிமண் குழைந்து, ஜீப்பே சிக்கிக்கொள்ளும்.

இருந்தும் ஆட்கள் முட்டி மோதுகிறார்கள். காரணம், ‘தி வேவ்’ என்ற ஒரு பாறைக் குடைவு. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிகள் அலை அலையாக ஓடும். குலுக்கல் முறையில் நாளொன்றுக்கு 64 பேருக்கு மேல் அனுமதி கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை 20 பேர்தான்.

அந்த வரிகளைப் போட்டது காற்று. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இது மணல்மேடுகளின் கடல். காற்று மணலை மேட்டின் ஒரு பக்கம் ஏற்றி, உச்சியிலிருந்து மறுபக்கம் சரியவிடும். சரிந்த ஒவ்வொரு அடுக்கும் சாய்வாகவே படிந்து, பின்னால் கல்லாக இறுகிவிட்டது. அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தத் திசை நோக்கித்தான் அன்றைய காற்று வீசியது. நவாஹோ மணற்கல் எனப்படும் இந்தப் பாறை, அருகிலுள்ள சயான் தேசியப் பூங்காவில் 600 மீட்டருக்கும் அதிகமான தடிமன் கொண்டது. இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? மணலில் கலந்திருக்கும் சிர்க்கான் படிகங்களின் வயதைக் கணக்கிட்ட வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் 2003இல் வியப்பான விடையைச் சொன்னார்கள்: கணிசமான பகுதி, கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் சுமந்து வந்தது!

நிறத்தின் கதை வேறு. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதற்குச் சொந்த நிறம் கிடையாது. அட்சதை அரிசியில் மஞ்சள் பூசியிருப்பதுபோல, ஒவ்வொரு மணியின் மீதும் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், துரு. அத்தனை பெரிய செங்குன்றுகளைச் சிவக்க வைக்க மிகக் கொஞ்சம் இரும்பே போதும்.

என்னைக் கேட்டால், சிவப்பைவிட வெள்ளைதான் சுவாரஸ்யமானது. அங்கே துரு எங்கே போனது? மழைநீர் எத்தனை காலம் ஊறினாலும் ஹெமடைட்டைக் கரைக்க முடியாது. ஆக்சிஜன் இல்லாத திரவம் வேண்டும். பூமிக்கடியிலிருந்து எண்ணெய், மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன்களோடு மேலேறி வந்த திரவங்கள் இரும்பை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி அள்ளிச் சென்றன என்பது பல புவியியலாளர்களின் விளக்கம். அவை பாய்ந்த தடமெல்லாம் சாயம் வெளுத்துப்போனது.

கரைந்த இரும்பு தொலைந்துவிடவில்லை. ஆக்சிஜன் கலந்த நீரைச் சந்தித்த இடத்தில் மறுபடி படிந்தது. சில இடங்களில் கோலிக்குண்டு அளவு உருண்டைகளாகத் திரண்டது. ‘மோக்கி மார்பிள்’ என்பார்கள். உடைத்தால் வெளியே இரும்பு ஓடு, உள்ளே மணற்கல். 2004இல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயில் இதே போன்ற குட்டி உருண்டைகளைக் கண்டபோது, யூட்டா பல்கலைக்கழகத்தின் மார்ஜரி சான் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டு, செவ்வாயிலும் நிலத்தடி நீர் ஓடியிருக்க வேண்டும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. செவ்வாயின் உருண்டைகளில் ஹெமடைட் மிக அதிகம்.

குலுக்கலில் பெயர் வராதவர்கள் மனம் தளர வேண்டாம். இதே நிலத்தில் இருக்கும் ஒயிட் பாக்கெட்டுக்குக் குலுக்கல் கிடையாது. வெளுத்த பாறையைப் பார்க்க அதுவே மேலான இடம். ஆனால் வழியில் ஆழமான மணல், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். இரும்பு உருண்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. மண்ணில் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய இடங்களை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்: அது சயனோபாக்டீரியாக்கள் மணலைப் பிணைத்து வளர்த்த உயிருள்ள மேலோடு. ஒரு காலடி பட்டு நொறுங்கினால், மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.