தீக்குச்சியில் ஒரு வடிவியல் பாடம்

ஆறாம் வகுப்புக்கு முக்கோணம் நடத்தும் அன்று நான் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கி, 1.5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்வேன். மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைத் துண்டின் இரு முனையிலும் செருகினால், எப்படியும் மடங்கும் மூட்டு தயார். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் 1970களில் பணியாற்றியபோது அரவிந்த் குப்தா உருவாக்கிய முறை இது.

நான்கு குச்சிச் சதுரத்தை அழுத்தினால் சாய்சதுரமாகச் சரியும், முக்கோணம் அசையாது. "ஏன் டீச்சர்?" என்பார்கள். மூன்று பக்க நீளமும் மாறாதவரை அதன் கோணங்களும் மாறா. சதுரத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஈர்க்குச்சி ஒன்றைக் கட்டினால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். மின்கோபுரத்தில் அத்தனை குறுக்குக் கம்பிகள் எதற்கென்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.