எழுத்து நகர்ந்தால் இசை மாறும்

ஐந்து கோட்டுக்குக் கீழே ஒரு சின்ன 'பி'. அது சரியான இடத்தில் நிற்கவில்லை என்று தொண்டை கட்டும்வரை திட்டித் தீர்த்தார் பீத்தோவன்.

1825 ஆகஸ்ட். வியன்னாவுக்கு அருகே பேடன் நகரில் தங்கியிருந்த பீத்தோவன், தன் உதவியாளரும் வயலின் கலைஞருமான கார்ல் ஹோல்ஸுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். நான்கு தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய ஏ மைனர் குவார்டெட்டின் இரண்டு பகுதிகளுக்குப் பிரதி எடுத்து வந்திருந்தது. அதைத் திருத்துவதிலேயே முந்தைய நாள் பிற்பகலும் அன்று காலையும் போய்விட்டன. திட்டியும் காலைத் தரையில் உதைத்தும் தொண்டை கட்டிவிட்டதாம். அவரைக் கொதிக்க வைத்தவை சத்தத்தின் அளவைச் சொல்லும் குறிகள். பல விடுபட்டிருந்தன; பல தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தன.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்போது அவருக்குக் காது கேட்காது. வாசிப்பதைக் கேட்டுத் திருத்த முடியாதவருக்குக் காகிதம்தான் கடைசி நம்பிக்கை. நம் கீர்த்தனைப் புத்தகங்களில் ஸ்வரமும் தாளமும் இருக்கும். எங்கே உரக்க, எங்கே சன்னமாக என்பது குருவிடமிருந்து வரவேண்டும். மேற்கத்திய இசையில் அந்த வேலையையும் காகிதமே செய்ய வேண்டும்.

செய்யும் விதம் எளியதுதான். இத்தாலிய மொழியில் சன்னத்துக்கு 'பியானோ', உரத்ததற்கு 'ஃபோர்டே'. முதலெழுத்துகளான பி, எஃப் இரண்டையும் வைத்தே சமாளிக்கிறார்கள். சத்தம் படிப்படியாகக் கூடவோ குறையவோ வேண்டுமானால், கொண்டை ஊசியை விரித்து வைத்தது போல ஒரு குறி. 1597இல் வெனிஸில் அச்சான காப்ரியேலியின் நூலிலேயே இந்தச் சொற்கள் வந்துவிட்டன. ஒரு குழு மட்டும் வாசித்தால் சன்னம், இரண்டு குழுக்களும் சேர்ந்தால் உரக்க.

குறியை எங்கே வைப்பது என்பதில்தான் வழக்கம் கறாரானது. வாத்தியம் என்றால் ஐந்து கோட்டுக்குக் கீழே. குரல் என்றால் மேலே. ஏனென்றால் கீழே பாட்டின் சொற்கள் இருக்கின்றன. பாடுபவரின் கண் ஸ்வரத்துக்கும் சொல்லுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எதுவும் குறுக்கிடக் கூடாது. பியானோவுக்கு இரண்டு வரிசைகளின் நடுவே எழுதினால் இரு கைகளுக்கும் பொருந்தும். இரண்டு புல்லாங்குழல்களை ஒரே வரிசையில் எழுதினால் முதலாமவருக்கு மேலே, இரண்டாமவருக்குக் கீழே.

இடம் வலம் நகர்வது இன்னும் ஆபத்து. 'பி' எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதற்கு நேர் கீழே நிற்க வேண்டும். கொஞ்சம் இடப்பக்கம் போனால் ஒருவர் ஒரு ஸ்வரம் முன்னதாகவே அடங்கிவிடுவார். அதே பக்கத்தைப் பார்த்து வாசிக்கும் அடுத்தவர் அடங்க மாட்டார்.

பீத்தோவனின் புகார் இதைவிட நுட்பமானது. விரியும் குறியைச் சில இடங்களில் வேண்டுமென்றே ஸ்வரத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகவும், இருப்பதை இருப்பபடியே எழுதும்படி ராம்பலிடம் சொல்லுமாறும் ஹோல்ஸைக் கேட்டுக்கொண்டார். ராம்பல்தான் பிரதி எடுத்தவர். ஸ்வரத்துக்கு நேராகக் குறியை இழுத்து வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் வில் தந்தியைத் தொட்ட கணத்திலேயே ஒலி பெருகத் தொடங்கிவிடும். பின்னால் இருந்தால், முதலில் சமமாக நின்று, பிறகே பெருகும். கேட்பவருக்கு இரண்டும் வேறு வேறு உணர்ச்சி.

அந்தக் குவார்டெட் அதே ஆண்டு நவம்பரில் வியன்னாவில் அரங்கேறியது. ஆனால் ஷூபர்ட்டின் குறிகளுக்கு அப்படியொரு காவல்காரர் வாய்க்கவில்லை. ஒரு ஸ்வரத்தை அழுத்தி வாசிக்கச் சொல்லும் குறி சிறியது; ஒலி தேய வேண்டும் என்ற குறி அதே வடிவம், ஆனால் நீளமானது. ஷூபர்ட் அழுத்தக் குறியையும் நீட்டி எழுதிவிடுவார். அவருடைய பெரிய சி மேஜர் சிம்ஃபனியின் கடைசி ஸ்வரத்தின் கீழ் இப்படி ஒன்று இருக்கிறது. அவர் இறந்தது 1828இல். இசை அரங்கேறியது 1839இல், மெண்டல்சோன் நடத்த, லைப்சிக்கில். கேட்க ஆளில்லை. சில நடத்துநர்கள் ஓங்கி அடித்து முடிக்கிறார்கள். சிலர் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் தேய்ந்து மறைய விடுகிறார்கள்.

இன்றைய மென்பொருள்களுக்குக் குரலா வாத்தியமா என்று தெரிந்தால் போதும், குறியைத் தாமே மேலும் கீழும் வைத்துவிடுகின்றன. ஸ்வரத்துக்கு நேராகவும் இழுத்து ஒட்டிவிடுகின்றன, ராம்பலைப் போலவே. பின்னால் வேண்டும் என்பவர் கையால்தான் நகர்த்தியாக வேண்டும்.