மலைச்சாலையும் தாழ்த்திய மகிழுந்தும்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் சாலை, முந்தலைக் கடந்ததும் மலைமேல் நிமிரத் தொடங்குகிறது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85-ஆம் எண் நெடுஞ்சாலையின் இப்பகுதி, 17 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து ஏறி, ஏறத்தாழ 1000 மீட்டர் உயர்ந்து போடிமெட்டை அடைகிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளே இச்சாலையின் பழைய குடிகள். விடுமுறை நாள்களில் அவற்றின் பின்னே வேறொரு வண்டியும் வரிசையில் நிற்பதுண்டு: அகன்ற அலாய் சக்கரம் பூட்டி, சுருள்வில்லைக் குறுக்கி, வயிறு தரையை உரசுமளவு தாழ்த்தப்பட்ட குடும்ப மகிழுந்து. இரண்டு வண்டிகளுக்கும் சக்கரம் பெரிது. ஆயினும் அப்பெருமை ஒரே வகையானதன்று.

டயரின் பக்கச்சுவரைப் படித்தால் இது விளங்கும். அது ஒரு சிறிய கல்வெட்டு. 165/80 ஆர்14 என்று இருந்தால், டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ.; உள்ளிருக்கும் ரிம்மின் விட்டம் 14 அங்குலம். மில்லிமீட்டரையும் விழுக்காட்டையும் அங்குலத்தையும் ஒரே வரியில் கலந்தவர் எவரோ, கணக்கு ஆசிரியரிடம் பயின்றவராக இருக்கமாட்டார். கூட்டிப் பார்த்தால் முழுச் சக்கரத்தின் விட்டம் 620 மி.மீ. இதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 பூட்டினால் விட்டம் 616 மி.மீ.; கண்ணுக்குச் சக்கரம் வளர்ந்திருக்கிறது, அளவுகோலுக்கு வளரவேயில்லை. வளர்ந்தது இரும்போ அலுமினியமோ ஆன ரிம், தேய்ந்தது ரப்பர். பக்கச்சுவர் 132-லிருந்து 92 மி.மீ. ஆகிவிட்டது. ஜீப்பின் பழைய 6.00-16 டயரிலோ, ரப்பரின் உயரம் ஏறக்குறைய அதன் அகலத்துக்கு ஒப்பாக, 15 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது. கல்லும் குழியும் முதலில் மோதுவது இந்தக் காற்றடைத்த சுவரின்மீதுதான். சுவர் குறைந்தால் மீதி அடியை ரிம் வாங்கும். மழைக்காலக் குழிகளில் ரிம் நெளிவது இதனால்.

அகன்ற டயர் சாலையை மிகுதியாகப் பற்றும் என்னும் நம்பிக்கைக்கும் ஒரு சொல். ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ எடை இருந்து, காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ ஆனால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 130 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கையளவு. அழுத்தம் மாறாதவரை அகலத்தால் இப்பரப்பு பெரிதும் மாறாது, வடிவம் மட்டும் குறுகிய நீளமும் மிகுந்த அகலமும் உடையதாக மாறும். விரைந்து திரும்பும்போது அவ்வடிவம் நன்மை செய்யும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு விரைந்து?

தாழ்த்துவதன் பயனை இங்கேதான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைகள் பேராயத்தின் நெறிப்படி, கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர். வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். அவ்வேகத்தில் வண்டியை வெளிநோக்கி உந்தும் விளைவு, புவியீர்ப்பில் 22 விழுக்காடு. 1200 கிலோ எடையும் ஒன்றரை மீட்டர் சக்கர இடைவெளியும் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் எடைமையமும் உள்ள ஒரு மகிழுந்தை எடுத்துக்கொள்வோம். வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு இடம்பெயரும் எடை 97 கிலோ. அதே வண்டியை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அது 90 கிலோ ஆகிறது. ஊதியம் ஏழு கிலோ. தாழ்த்தாத மகிழுந்தே கவிழ்வதற்கு ஈர்ப்பின் ஒன்றேகால் மடங்குக்கும் மேற்பட்ட பக்கவிசை வேண்டும். அதற்கு வெகு முன்னரே டயர் வழுக்கிவிடும். பந்தயத் தடத்தில் நூறு கிலோமீட்டரைத் தாண்டிச் செல்பவருக்கு அந்த நான்கு சென்டிமீட்டர் பொன். போடிமெட்டு வளைவில் அது பின்னிருக்கையில் ஒரு பை குறைந்ததற்கு ஒப்பு.

கொடுக்கும் விலையோ பெரிது. சுருள்வில்லுக்கு மேல்நோக்கி அமுங்க இருக்கும் இடத்தை, மலைச்சாலைக்கான சேமிப்பு என்று சொல்லலாம். அவ்விடம் 80 மி.மீ. என்று கொள்வோம். 40 மி.மீ. தாழ்த்தினால் பாதி எஞ்சும். வில் ஏற்கும் ஆற்றல் அமுங்கும் தொலைவின் இருபடிக்கு ஏற்ப அமைவதால், தொலைவு பாதியானால் ஆற்றல் கால்பங்கு ஆகிறது. ஐந்து சுற்று உள்ள வில்லில் ஒரு சுற்றை அறுத்தெறிந்தால் வில் நான்கில் ஒரு பங்கு விறைப்படையும். ஆகவே ஈடு சிறிது கிடைக்கும். எல்லாம் சேர்த்தும், முன்பு தாங்கிய அடியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இப்போது வில் தாங்காது. பழைய அளவு தாங்க வேண்டுமாயின் வில்லை நான்கு மடங்கு விறைக்கச் செய்ய வேண்டும். அப்போது பாட்டியைப் பின்னிருக்கையில் அமர்த்திப் பூப்பாறை போய்ச் சேர முடியாது. அறுக்காமல், தீயில் காட்டி வில்லைத் தாழ்த்துவோரும் உண்டு. அது அறுப்பதினும் கொடிது. எஃகுக்கு ஊட்டிய பதம் அத்தீயிலேயே போய்விடும்.

இனி வேகத்தடை. டிசையர் போன்ற மகிழுந்தின் தரை இடைவெளி 163 மி.மீ.; முன்பின் சக்கரங்களுக்கு நடுவே 2450 மி.மீ. பேராயம் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அதன்மேல் நிற்கும் வண்டியின் வயிற்றுக்கு அது தரும் மேடு 44 மி.மீ. மட்டுமே. 40 மி.மீ. தாழ்த்தி, ஐவரையும் பெட்டிகளையும் ஏற்றி, மேலும் 40 மி.மீ. அமுங்கிய வண்டிக்கு எஞ்சும் 83 மி.மீ. அதைக் கடக்கப் போதும். ஊர்முகப்புகளில் ஓரடி அகலத்தில் திண்ணைபோல் கட்டிவைக்கும் தடைதான் இடர். அது வண்டியின் நீளத்தினும் மிகக் குறுகியதால், தன் முழு உயரத்தையும் வயிற்றுக்குக் கொடுக்கிறது. 10 சென்டிமீட்டர் தடை 83 மி.மீ. இடைவெளியின்கீழ் நுழையாது என்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை. எண்ணெய்க்கலத்தின் அடியே சான்று.

கொண்டை ஊசி வளைவில் இன்னொரு நுட்பம் உண்டு. வளைவின் உள்விளிம்பு செங்குத்தாகவும் வெளிவிளிம்பு சாய்வாகவும் இருப்பதால், நான்கு சக்கரங்களும் நான்கு உயரங்களில் நிற்கின்றன. நெடிது நீளும் மென்மையான வில், தாழ்வில் நிற்கும் சக்கரத்தைத் தரையோடு தரையாக இறக்கிவிடும். குறுகி விறைத்த வில் அதைத் தொங்கவிடும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாயின், உட்சக்கரம் எடையிழந்து சுழலும். இரு சக்கரங்களுக்கும் சம முறுக்கத்தையே பிரித்தளிக்கும் சாதாரணப் பகிர்வி, சுழலும் சக்கரம் ஏற்கும் சிற்றளவையே மற்றதற்கும் தரும். ஏலமலையின் சாரலில் நனைந்த சாலையில், ஐவர் ஏறிய வண்டி வளைவின் நடுவில் உறுமிக்கொண்டே நிற்பது இதனால்தான். திருப்பியை முழுதும் ஒடித்திருக்கும் அதே நொடியில், வெளிப்பக்கம் அமுங்கிய அகன்ற டயர் சக்கரவளைவின் உள்ளுறையை உரசத் தொடங்கும். சமவெளியில் ஒரு திங்கள் ஓட்டியும் கேளாத ஒலி, முதல் வளைவிலேயே கேட்கும்.

ரிம்மோடு நில்லாமல் முழு விட்டத்தையும் பெருக்குவோர் நிலை வேறு. 205/60 ஆர்16 பூட்டினால் விட்டம் 652 மி.மீ.; ஐந்து விழுக்காடு மிகுதி. தரை இடைவெளி 16 மி.மீ. கூடும் என்பது நன்மை. ஆனால் எஞ்சின் தரையில் செலுத்தும் விசை ஐந்து விழுக்காடு குறையும். மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி இழப்பதால், அழுத்தேற்றி இல்லாத எஞ்சின் ஏற்கெனவே பத்தில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும். இறங்கும்போது நிலை இன்னும் கடுமை. 1400 கிலோ எடையுள்ள வண்டி 1000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு கோடியே முப்பத்தேழு இலட்சம் ஜூல். 47 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற அது போதும். உருளும் தடையும் காற்றும் ஒரு பகுதியை உண்ணும். எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டாக வேண்டும். சக்கரம் பெருத்தால், அதே கியரில் எஞ்சின் பிடித்திழுக்கும் விசை குறைகிறது. அதே மிதியழுத்தத்தில் பிரேக்கின் விசையும் குறைகிறது. இரண்டாம் கியரில் இறங்கிப் பழகியவர் காலை முன்னினும் நெடுநேரம் மிதிமேல் வைப்பார். முந்தலை நெருங்குகையில் கருகிய வாடை எழும்.

சட்டமும் இவ்விடத்தில் வாய் திறந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்றது. அவ்வழக்கு எழுந்தது, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள கேரளத்தில்.

அழகை விரும்புவது குற்றமன்று. அதே டிசையரின் உயர்வகைக்கு உற்பத்தியாளரே பூட்டித்தரும் 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621 மி.மீ.; பக்கச்சுவரும் 120 மி.மீ. நிற்கிறது. சுருள்வில்லைத் தொடாமல் அதைப் பூட்டிக்கொண்டவர், வீட்டாரை எல்லாம் ஏற்றி, பெட்டிகளையும் வைத்து, ஓர் அளவுகோலோடு வண்டியின் அடியில் குனிந்து பார்க்கலாம். பின்னிருக்கை காலியாக இருக்கும்போது எடுத்த அளவு, பட்டறை வாசலுக்கு மட்டுமே பொருந்தும்.