ஆகாயத்தின் சொந்தக்காரர் யார்?

ஆகாய அலைகள் ஆறுகளையும் வனங்களையும் போலவே ஜனங்களின் பொதுச் சொத்து. சர்க்கார் அதற்குத் தர்மகர்த்தாவேயன்றிச் சொந்தக்காரரல்லர். காற்றலைகள் பொதுச் சொத்தே என்று நமது சுப்ரீம் கோர்ட்டும் 1995-ம் வருஷத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருக்க, தர்மகர்த்தா அச்சொத்தை ஏலத்துக்கு விடும்போது, அதுவரை அதை அனுபவித்து வந்த ஏழைப் பிரஜைக்குச் செய்ய வேண்டியது என்ன? அமெரிக்காவில் உள்ளூர் டெலிவிஷன் நிலையங்கள் அனலாக் முறையை விட்டு டிஜிடல் முறைக்கு மாறிய வரலாறு இக்கேள்விக்குத் தக்க பாடமாகும்.

மாறுதலே தவறென்று நாம் சொல்ல வரவில்லை. பழைய முறையில் ஒரு நிகழ்ச்சி மட்டுமே செல்லக்கூடிய அலைவரிசையில் புதிய முறையில் பல நிகழ்ச்சிகள் செல்லும், காட்சியும் தெளிவாயிருக்கும். மிச்சமாகும் அலைவரிசையில் ஒரு பகுதி போலீஸாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் ஒதுக்கப்பட்டது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் நேர்ந்த கோரத்திற்குப் பின் அதன் அவசியத்தை யார் மறுப்பர்? மற்றொரு பகுதி 2008-ல் ஏலத்திற்கு வந்து, சர்க்காருக்குச் சுமார் 1,900 கோடி டாலர் ஈட்டித் தந்தது. பெரும்பகுதியைக் கொண்டு போனவை பெரிய டெலிபோன் கம்பெனிகளே.

ஆனால் நஷ்டம் யாருக்கு? கேபிளுக்கும் சாட்டிலைட்டுக்கும் மாதச் சந்தா கட்டும் வசதியுள்ளவருக்கு ஒரு குறையும் இல்லை. கூரையின் மேல் ஆன்டெனாவை நட்டு, காசில்லாமல் பார்த்து வந்த கிழவர்களும் ஏழைகளும் கிராமவாசிகளும் மாற்றுப் பெட்டி ஒன்று வாங்கினாலன்றித் தங்கள் பழைய டெலிவிஷன் பயனற்றுப் போகும் நிலைக்கு வந்தனர். அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இதை உணர்ந்தது. குடும்பத்துக்கு இரண்டு வீதம், 40 டாலர் பெறுமான கூப்பன்களுக்கென 150 கோடி டாலர் வரை செலவிட அனுமதித்தது. எனினும் 2009 ஜனவரியில் அத்தொகை தீர்ந்து, லட்சக்கணக்கானோர் காத்திருக்க நேர்ந்தது. பிப்ரவரி 17 என்று குறித்திருந்த கெடுவைப் புதிய சட்டத்தால் ஜூன் 12-க்கு ஒத்திவைத்தனர். மேலும் 65 கோடி டாலர் கொடுத்தனர். கம்பெனிகளின் அவசரத்தைக் காட்டிலும் காத்திருந்த ஜனங்களின் கஷ்டம் பெரிதென்று ஒரு சட்டசபை ஒப்புக்கொண்டதே, அதை நாம் பாராட்டுகிறோம்.

ஆயினும் பணம் தீர்க்காத குறையும் உண்டு. 2008 செப்டம்பர் 8-ந் தேதி நடுப்பகலில், நார்த் கரோலினாவிலுள்ள வில்மிங்டன் பிரதேசத்து வணிக நிலையங்கள் தேசத்துக்கே பரீட்சையாக முதலில் மாறின. அவற்றுள் ஒன்று சுமார் 1,900 அடி உயரமுள்ள தன் பழைய கோபுரத்தை விட்டு வேறிடத்திலிருந்து ஒளிபரப்பலாயிற்று. எல்லையோரத்தில் இருந்தவர்கள் பெட்டி வாங்கியும் அந்நிலையத்தை இழந்தனர். அனலாக் முறையில் அலை பலவீனப்பட்டால் படம் மங்கும். செய்தியாவது காதில் விழும். டிஜிடல் முறையிலோ ஓர் அளவுக்குக் கீழே போனால் படமும் இல்லை, ஒலியும் இல்லை. புயற் காலத்தில் உள்ளூர்ச் செய்தியை நம்பி வாழும் கடற்கரைப் பிரதேசத்தில் இது அற்ப விஷயமா?

சிறு சக்தி நிலையங்களின் கதையும் கவனிக்கத்தக்கது. பெரிய நிலையங்கள் 2009-ல் மாறிவிட, சிறிய நிலையங்கள் அனைத்தும் மாறி முடிய 2021 ஜூலை வரை அவகாசம் தரவேண்டியிருந்தது. எளியவர்களுக்குக் காலமும் ஒரு தர்மமே.

நம் நாட்டின் நிலை என்ன? ஏறக்குறைய 50 நீங்கலாகத் தூர்தர்ஷனின் அனலாக் நிலையங்களை 2022 மார்ச் முடிவுக்குள் மூடிவிடுவதென்றும், அவற்றின் அலைவரிசை புதிய சேவைகளுக்குப் பயன்படும் என்றும் பிரசார் பாரதி 2021-ல் அறிவித்தது. அந்த ஆன்டெனாக்களை நம்பியிருந்தவர் யார், அவருக்கு ஈடு என்ன என்று எத்தனை பொதுக்கூட்டங்களில் நாம் கேட்டோம்? குறை சர்க்காரிடம் மட்டும் இல்லை. கேளாதிருந்த நம்மிடமும் இருக்கிறது.

அமெரிக்கர் கூப்பனுக்கு ஒதுக்கியது, இரு தொகைகளையும் கூட்டினாலும், ஏலத்தில் வந்ததில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவே. அதையும் அவர்கள் வாதாடியே பெற்றனர். பொதுச் சொத்தை விற்ற பணத்தின் மீது முதற் பாத்தியதை, அதை இழந்தவனுக்கே உரியது. இதைத் தானமாகக் கேட்கக் கூடாது. உரிமையாகக் கேட்க வேண்டும் என்று தேசத் தொண்டர்களை வற்புறுத்துகிறோம்.